கிடாவுக்கு வரி உண்டு, கக்கூஸுக்கு இல்லை

கேம்பிங் என்றதும் காலேஜ் பசங்களுக்கு வட்டக்கானல் ஞாபகம் வரும். பனி, டெண்ட், கிடார், மேகி. பரவையில் யாரையாவது கேட்டால் "அதெல்லாம் காசு இருக்கிறவன் போறதுப்பா" என்று பதில் வரும். அதே ஆள் மாசி மாதம் சிவராத்திரிக்கு வேன் பிடித்து, அறுபது பேரையும் நாலு அண்டாவையும் ஏற்றிக்கொண்டு, ஏதோ ஒரு பொட்டல்காட்டில் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் போய் ரெண்டு ராத்திரி தங்கிவிட்டு வருவார். தார்ப்பாய் கட்டி, கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, ஜமுக்காளம் விரித்து, நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கி... இதுக்குப் பேர் என்னவாம்? சாமி கும்பிடு என்று பேர் வைத்துவிட்டால் கேம்பிங் இல்லையென்று ஆகிவிடுமா?

மதுரையைச் சுற்றி இது சின்ன விஷயமே இல்லை. உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலில் மாசிப் பச்சை என்றால் ஊரே திரண்டு வந்து உட்காரும். ஆடி மாதம் சாத்தூர் பக்கம் இருக்கங்குடி போனால் கோயிலைச் சுற்றி அடுப்புப் புகைதான். சித்திரையில் அழகர் வைகையில் இறங்கும்போது கிராமத்து ஜனம் கரையிலும் மணலிலும் படுத்துக் கிடப்பது எத்தனையோ தலைமுறை வழக்கம். இது போக, பேர் தெரியாத கருப்பசாமி, முனீஸ்வரன், அய்யனார் கோயில்கள் ஆயிரம். தமிழ்நாட்டில் குடும்பத்தோடு வெட்டவெளியில் தங்குவது என்றால் பெரும்பாலும் இதுதான். வருஷா வருஷம் நடக்கிறது. வருஷா வருஷம் "போன தடவையை விட இந்தத் தடவை நல்லா செய்யணும்" என்று பேச்சும் நடக்கிறது.

அந்த 'நல்லா' எதில் என்பதுதான் கேள்வி.

பங்காளிகள் கூடி வரி போடும் நோட்டை வாங்கிப் பாருங்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரவு. செலவுப் பக்கம்: கிடா, பந்தல், மைக்செட், சீரியல் லைட்டு, மேளம், பூசாரிக்கு வேட்டி துண்டு, சமையல் மாஸ்டர், வேன், பிளெக்ஸ். பிளெக்ஸ் புதுச் சேர்க்கை. இருபது பங்காளி முகம், அதில் பாதி கூலிங்கிளாஸ், மேலே சின்னதாக சாமி. போன தடவை ஒரு கிடா என்றால் இந்தத் தடவை ரெண்டு. சின்ன மைக்செட் என்றால் இந்தத் தடவை பெருசு. முன்னேற்றம்!

கக்கூஸ் என்று ஒரு வரி இருக்கிறதா? தேடிப் பாருங்கள். இருக்காது. பி.காம் முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள், ஒரு செலவு கணக்கில் ஏறவில்லை என்றால் அது இல்லையென்று அர்த்தமில்லை, வேறு யாரோ அதைச் சுமக்கிறார்கள் என்று. இங்கே சுமப்பது யார் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை.

பரவையிலிருந்து சாயங்காலம் வேன் கிளம்புகிறது என்றால், மத்தியானத்திலிருந்தே வீட்டுப் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். யாரும் சொல்லித் தருவதில்லை. அம்மாவைப் பார்த்து மகள் பழகிக்கொள்வாள். அங்கே போனபிறகு இருட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இருட்டினதும் "மதினி, நீங்களும் வாங்க, ரெண்டு பேரா போவோம்" என்று செல்போன் லைட்டோடு ஒரு நடை. விடிவதற்குள் இன்னொரு நடை. நடுவில் பன்னிரண்டு மணி நேரம், அடுப்பு வெக்கையில் நின்று கொண்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க யோசித்தபடி. மாதவிலக்கு நாள் என்றால் அவள் வருவதே இல்லை. அதற்குத் தீட்டுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதிக் காரணம், வந்தால் துணி மாற்ற நாலு பக்கம் மறைவாக ஓர் இடம் இல்லை என்பது. தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், அடக்கி வைப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு நேர்வழி என்று எந்த டாக்டரும் சொல்வார். கோயிலுக்குப் போய்விட்டு வந்த மறுவாரம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் செலவையும் அந்த நோட்டில் யாரும் எழுதுவதில்லை.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரு வேப்பமரம் போதும். நோட்டு எழுதுவது அவர்கள்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வரி ஏன் விட்டுப் போகிறது என்று தனியாக ஆராய்ச்சி செய்ய வேண்டாம்.

உலகம் பூரா வெள்ளம், பூகம்பம், போர் என்று வீடிழந்தவர்களுக்கு முகாம் போடும் உதவி நிறுவனங்கள் 'ஸ்பியர்' என்று ஒரு கையேடு வைத்திருக்கின்றன. அதில் குறைந்தபட்சக் கணக்கு உண்டு. ஆரம்பத்தில் ஐம்பது பேருக்கு ஒரு கழிப்பறை, கூடிய சீக்கிரம் இருபது பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்ற விகிதம். தலைக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர். இது சொந்த பந்தத்தையும் சொத்தையும் இழந்து ஓடிவந்தவர்களுக்கான கணக்கு. ரெண்டு கிடா வெட்டி, மேளம் வைத்து, பிளெக்ஸ் அடித்து சந்தோஷமாகப் போகிற அறுபது பேருக்கு? கழிப்பறை பூஜ்யம். தண்ணீர், ஏழெட்டு கேன். (அறுபது பேருக்கு 15 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 900 லிட்டர். இருபது லிட்டர் கேனில் 45 வரும். கேனை மறந்துவிட்டு ஒரு தண்ணி டிராக்டர் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.)

இங்கே ஒரு பெரியப்பா குரல் கொடுப்பார். "எங்க காலத்துல மாட்டு வண்டி கட்டிப் போனோம், எவன் கக்கூஸ் கொண்டு போனான்? என்ன கொறஞ்சு போச்சு?"

பெரியப்பாவுக்கு மரியாதையாகவே பதில் சொல்லலாம். அந்தக் கூண்டு வண்டி லேசுப்பட்ட ஏற்பாடு இல்லை. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வைக்கோல் மெத்தை, மேலே கூரை, அடியில் அரிக்கேன் விளக்கு, பக்கத்திலேயே சத்தம் கேட்டால் முழித்துக்கொள்ளும் மாடு. இப்போது வேனில் போய் இறங்கி மண்ணில் படுக்கிறவர்களை விட அந்தக் காலத்துக் குடும்பம் பத்திரமாகத்தான் படுத்தது. மறைவுக்கும் அப்போது காடு இருந்தது, கூட்டம் கம்மி. இப்போது கோயில் வரைக்கும் பிளாட் போட்டுக் கல் ஊன்றியாகிவிட்டது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை வெட்டச் சொன்னது. நிலத்தடி நீருக்கு நல்லது என்று எல்லோரும் கைதட்டினார்கள், சரி. வெட்டின இடத்தில் பெண்களுக்கு இருந்த ஒரே மறைவும் சேர்ந்து போனதை யார் பேசினார்கள்? போதாக்குறைக்கு ஒவ்வொரு பையன் கையிலும் கேமரா. பழைய காலத்தை இழுக்கிறவர்கள் வண்டியையும் காட்டையும் சேர்த்தே கொண்டுவரட்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கோயிலுக்கும் ஓடைக்கும் கிணற்றுக்கும் குறைந்தது நூறு அடி தள்ளி, மூன்றடி ஆழத்துக்குக் குழி. மேலே ரெண்டு பலகை. தோண்டின மண் பக்கத்திலேயே குவிந்திருக்க வேண்டும், போனவர்கள் ஒரு கொட்டாங்கச்சி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வர. சுற்றி நாலு சவுக்குக் கம்பு, கறுப்புத் தார்ப்பாய். நீலத் தார்ப்பாய் வேண்டாம். பல்பை வெளியே, வாசலுக்கு மேலே கட்டணும். உள்ளே கட்டினால் நிழல் அப்படியே துணியில் விழும், சினிமா மாதிரி தெரியும். ஆண்கள் கட்டிக் கொடுத்த மறைப்புகளில் பாதிக்கு மேல் இந்தத் தப்பு இருக்கும், ஏனென்றால் கட்டினவர் யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. உள்ளே ஒரு மூடி போட்ட வாளி, நாப்கினுக்கு. அதைக் குழியில் போடக் கூடாது. முழங்கால் மடக்க முடியாத அப்பத்தாவுக்கு, நடுவில் வெட்டி எடுத்த ஒரு பிளாஸ்டிக் சேர். நாலு குழி என்றால் மூன்று பெண்களுக்கு, ஒன்று ஆண்களுக்கு. ஆமாம், ஆண்களும் வேப்பமரத்தை விட்டுவிட வேண்டியதுதான். கிளம்பும்போது மூடிவிட்டு வரணும்.

பஞ்சாயத்துக் கழிப்பறை கோயில் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் இன்னும் சுலபம். ஆனால் அதற்கு ஒரு பூட்டு இருக்கும், சாவி யாரிடமோ இருக்கும். அந்த யாரோவை ஒரு வாரம் முன்னாடியே போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். மைக்செட்காரருக்கு முன்பணம் கொடுக்க மூன்று பேர் பைக்கில் போகிறார்கள்தானே.

கக்கூஸுக்கு அடுத்து அடுப்பு. இதில் மதுரைக்காரர்களுக்கு யாரும் கதை சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 26, அதிகாலை ஐந்தேகால் மணி வாக்கில், மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி எரிந்தது. லக்னோவிலிருந்து கோயில் கோயிலாகச் சுற்றி வந்த கூட்டம். ரகசியமாக கேஸ் சிலிண்டர் கொண்டுவந்திருந்தார்கள். டீ போடப் பற்ற வைத்தது. ஒன்பது பேர் செத்துப் போனார்கள். ரயிலில் இந்த மாதிரிப் பொருள் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 164-வது பிரிவில் மூன்று வருஷம் வரை ஜெயில் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்பதுதான் தைரியம்.

அன்றைக்குப் பேப்பரைப் பார்த்து "இப்படியா சிலிண்டரோட ரயில்ல வருவாங்க" என்று உச்சுக்கொட்டிய மதுரை, அடுத்த கும்பிடுக்கு அதே 14.2 கிலோ சிலிண்டரை வேன் கடைசி சீட்டுக்கு அடியில் படுக்கப்போட்டு, அதன்மேல் குழந்தைகளை உட்கார வைத்துக் கூட்டிப்போனது. கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாது, தரையோடு தரையாகப் பரவிப் பள்ளத்தில் தங்கும். ஜன்னல் சாத்தின வேனும், மூன்று பக்கம் தார்ப்பாய் இறக்கின பந்தலும் அதற்குப் பள்ளம் மாதிரிதான். ஆட்கள் இல்லாத வண்டியில், நிமிர்த்தி, கட்டி வைத்துக் கொண்டுபோகணும். அடுப்பு பந்தலுக்கு வெளியே. டியூபில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்க்க ரெண்டு நிமிஷம். விறகடுப்பு என்றால் சுற்றிப் பத்தடிக்குச் சருகையும் புல்லையும் செதுக்கிவிட்டு, பக்கத்தில் ரெண்டு வாளி மண். 2018-ல் குரங்கணி மலைத் தீயில் சிக்கி 23 பேர் செத்தது மார்ச் 11-ந் தேதி. அதுவும் மாசிக் கடைசிதான். அந்த மாதத்தில் காய்ந்த புல் எப்படி எரியும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

படுக்கை பற்றி ஒன்றே ஒன்று. ராத்திரி தரையில் படுத்திருக்கிறவர்களைக் கடிப்பதில் கட்டுவிரியன்தான் பேர்போனது. கடித்த இடம் வலிக்காது, வீங்காது. எறும்பு என்று தட்டிவிட்டுத் தூங்குவார்கள். விடியும்போது வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியாமல் விழுவது. அதை மப்பு என்று நினைத்து மோர் கொடுத்த குடும்பங்கள் உண்டு. கொசுவலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. சந்தேகம் என்றால் மந்திரிப்பது, பச்சிலை எல்லாம் வேண்டாம், நேராக அரசு ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

வண்டி. வேன் வாடகையை மிச்சம் பிடிக்க லோடு வண்டியில் ஆள் ஏற்றுவது இன்னும் நிற்கவில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிற பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. கவிழ்ந்தால் நஷ்டஈடு வண்டி ஓனர் தலையில் விழும். அந்த ஓனர் பல சமயம் ஒரு பங்காளியாகவே இருப்பார். மிச்சம் பிடித்த வாடகை எங்கே, அந்தத் தொகை எங்கே, யாராவது கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

"இதுக்கெல்லாம் ஏதுப்பா காசு" என்பது கடைசி அஸ்திரம். குழி வெட்ட ரெண்டு ஆளுக்கு ஒரு நாள் கூலி. கறுப்புத் தார்ப்பாய் நாலு, சவுக்குக் கம்பு பதினாறு, பலகை எட்டு, வாளி, மக்கு, ஒரு தண்ணி டிராக்டர். எல்லாம் சேர்த்தாலும் ரெண்டாவது கிடா விலைக்குள் அடங்கும். தண்ணியும் கூலியும் தவிர மற்றதெல்லாம் முதல் வருஷச் செலவுதான். தார்ப்பாயும் கம்பும் பல வருஷம் உழைக்கும், கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று எழுதுவார்களே, அப்படி. பொங்கல் அண்டாவை வருஷம் பூரா வைத்துப் பூட்டுகிற கோயில் கொட்டகையில் இதற்கும் இடம் இருக்கிறது. தை பிறந்ததும் வரி பேசக் கூட்டம் போடுவார்கள். அன்றைக்கு நோட்டையும் பேனாவையும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணைப் பக்கம் தள்ளிவிட்டு, பங்காளிகள் ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும்.