பால் சொசைட்டிக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்க முடியாதா?

பியூரெட்டைக் கண்ணுக்கு நேராக வைத்து ரீடிங் எடுக்க வேண்டும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் எல்லோருக்கும் சொல்லித் தரும் பாடம் இது. ஆனால் லேபில் நடப்பது என்ன? பக்கத்து டேபிள்காரன் ரீடிங்கை எட்டிப் பார்த்து, 0.1 கூட்டியோ குறைத்தோ எழுதிவிட்டு ரெக்கார்டு நோட்டை மூடிவிடுவார்கள். மார்க்கும் வந்துவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

அதே அலட்சியம் பால் சொசைட்டியில் நடந்தால் நஷ்டம் உண்டு. அது மாடு வளர்ப்பவர் தலையில் விழும்.

ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூருக்குப் பக்கத்து ஊர். ஓசூர் தொழிற்சாலைகளில் சாதாரண வெர்னியர் காலிப்பருக்குக்கூட காலிபரேஷன் தேதி போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒரு போல்ட்டுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கறக்கும் பாலுக்குக் கிடைக்க வேண்டாமா?

கணக்கைப் பாருங்கள். பாலுக்கு விலை வெறும் லிட்டரை வைத்துப் போடுவதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான திடப்பொருள் (எஸ்.என்.எஃப்.) எவ்வளவு என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். எஸ்.என்.எஃப். கண்டுபிடிக்க அடர்த்தி தெரிய வேண்டும். அதற்குத்தான் லாக்டோமீட்டர். அது 28 காட்டினால் பாலின் அடர்த்தி 1.028.

ஆனால் ஒவ்வொரு லாக்டோமீட்டருக்கும் உரிய வெப்பநிலை ஒன்று உண்டு. 27 டிகிரிக்குச் செய்த லாக்டோமீட்டரை, கறந்த சூடு ஆறாத 35 டிகிரி பாலில் போட்டால் என்ன ஆகும்? சூட்டில் பால் விரிந்திருக்கும், அடர்த்தி குறையும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.2 வீதம், 8 டிகிரிக்கு 1.6 குறைவாகக் காட்டும். எஸ்.என்.எஃப். வாய்ப்பாட்டில் லாக்டோமீட்டர் அளவின் நாலில் ஒரு பங்கு சேர்வதால், அங்கே 0.4 போய்விடும். 8.5 வர வேண்டிய பால் 8.1 ஆகிவிடும். பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் கேட்பது குறைந்தது 8.3. நல்ல பால், காகிதத்தில் மட்டமான பால்!

"ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், கடைசியில் சரியாகிவிடும்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சரியாகாது. கறந்ததும் கொண்டுவரும் பால் தினமும் சூடாகத்தான் இருக்கும். திருத்தம் போடாவிட்டால் தினமும் குறையும், ஒருநாளும் கூடாது. லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைந்தால்கூட, நாளுக்கு 10 லிட்டர் ஊற்றுபவருக்கு வருடத்துக்கு 3,650 ரூபாய் நஷ்டம். இதற்குப் பெயர் தவறு அல்ல, வசூல்.

கொழுப்புக் கணக்கிலும் இதே கதைதான். கெர்பர் முறையில் 10.75 மில்லி பாலைப் பிப்பெட்டில் எடுக்க வேண்டும். 10.5 மில்லிதான் எடுத்தால், 4.3 சதவீதக் கொழுப்பு 4.2 ஆகிவிடும். கால் மில்லி என்பது ஐந்தாறு சொட்டு. அவ்வளவுதான்.

இதில் வாங்குபவருக்கும் அக்கறை வேண்டும். லாக்டோமீட்டரை மட்டும் நம்பினால் அவரும் ஏமாறுவார். ஆடையை எடுத்தால் பாலின் அடர்த்தி கூடும், தண்ணீர் ஊற்றினால் குறையும். இரண்டையும் அளவாகச் செய்தால் லாக்டோமீட்டர் பழைய இடத்திலேயே நிற்கும். கொழுப்பையும் சேர்த்து அளந்தால்தான் குட்டு உடையும்.

"இப்போதுதான் மெஷின் வந்துவிட்டதே" என்பார்கள். மெஷினையும் யாராவது காலிபரேட் செய்ய வேண்டும். நுரையோடு ஊற்றினால் அதுவும் தப்பாகத்தான் சொல்லும்.

"கூட்டத்தில் தெர்மாமீட்டர் பார்க்க நேரம் ஏது?" என்றும் கேட்பார்கள். பாலைக் குறைத்து எழுத நேரம் இருக்கும்போது, சூடு பார்க்க மட்டும் நேரம் இல்லையா?

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முத்திரை போட்ட அளவுச் சாமான், ஒரு தெர்மாமீட்டர், சுவரில் ஒரு திருத்த அட்டவணை. பால் ஊற்றுபவர் கையில் கொடுக்கும் சீட்டில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்த ரீடிங் செல்லாது என்று ஒரு விதி.

லேபில் தப்பாக அளந்தால் ஒரு மார்க் போகும். சொசைட்டியில் தப்பாக அளந்தால் மாட்டுக்கு வாங்க வேண்டிய தவிடு போகும்.