நின்ற வண்டியை ஓட்டியவர் யார்?

மதிப்பிற்குரிய மண்டல மேலாளர் அவர்களுக்கு,



உங்கள் நிறுவனத்தின் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. பாலிசி எண், கிளெய்ம் எண் எல்லாம் உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதங்களில் இருக்கின்றன. அவற்றை யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் இது உங்களுக்குத்தான் என்று தெரிந்துவிடும். பிரிக்கவில்லை என்றால், வேறு எந்த வாகனக் காப்பீட்டு நிறுவனத்தின் மேலாளரும் இதைத் தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளலாம். அதிகம் மாற்ற வேண்டியிருக்காது.

நான் மண்டகப்பட்டுக்காரன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். அரசாங்கத்துக்கு மனு போட்டால் முடியாது என்றாவது ஒரு பதில் வரும். உங்கள் பதில்கள் தனி ரகம். நான் கேட்டதை விட்டுவிட்டு, முதல் கடிதத்தில் இருந்த பத்தியையே தேதி மாற்றி அனுப்புகிறீர்கள். கடைசியாக வந்ததில் தேதியையும் மாற்றவில்லை.

சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அது உங்கள் தொழில். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் தங்கை மகனிடம் ஒரு குட்டி யானை இருக்கிறது. டாடா ஏஸ் என்று எழுதினால்தான் உங்கள் கோப்பில் ஏறும். கடனில் வாங்கியது, தவணை இன்னும் ஓடுகிறது. அறுவடை நாட்களில் நெல்லையும் மல்லாட்டையையும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏற்றிப்போவான். மற்ற நாட்களில் விழுப்புரத்துக்குக் காய்கறி, கல்யாண வீட்டுக்கு நாற்காலி, பந்தல் சாமான். அவனே முதலாளி, அவனே டிரைவர், லோடு இறக்க ஆள் வராவிட்டால் அவனே லோடுமேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஏறிய புயல் நகராமல் எங்கள் மாவட்டத்தின் தலைமேலேயே நின்றது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. வாய்க்காலும் தெருவும் ஒன்றாகிவிட்டன. வண்டி வீட்டு வாசலில் நின்றது. சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. விடியும்போது தண்ணீர் சீட்டைத் தாண்டியிருந்தது.

வடிந்த பிறகும் அவன் சாவியைத் தொடவில்லை. 2015-இல் சென்னை வெள்ளத்தில் நனைந்த வண்டிகளை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சினையும் கிளெய்மையும் சேர்த்து இழந்தவர்களின் கதை எந்த டிரைவருக்கும் தெரியும். கரண்டும் டவரும் திரும்பியதும் உங்கள் இலவச எண்ணில் பதிவு செய்தான். வண்டியைக் கட்டி இழுத்து விழுப்புரம் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்தான். உங்கள் சர்வேயர் வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எஞ்சினைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், படம் எடுத்தார், வண்டி நிறுத்திவைத்த இடத்தில் மூழ்கியது என்றும் ஸ்டார்ட் செய்ய முயன்ற அடையாளம் இல்லை என்றும் எழுதிக்கொடுத்தார். நகல் என்னிடம் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் போட்ட எஸ்டிமேட் 1,40,000 ரூபாய்.

உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. விபத்தின்போது வாகனத்தை ஓட்டியவர் பெயர், உரிம எண். அவன் அதைக் காலியாக விட்டான். ஏஜெண்ட் பார்த்துவிட்டு, “காலியா விட்டா சிஸ்டம் எடுத்துக்காது தம்பி, உன் பேரையே போட்டுடு” என்றார். போட்டான். லைசென்ஸ் நகலையும் வைத்தான். இலகுரக வாகன உரிமம், பேட்ஜ் கிடையாது.

மாதங்கள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. விபத்து நேரத்தில் வாகனத்தை ஓட்டியவரிடம் சரக்கு வாகனம் ஓட்டுவதற்கான செல்லத்தக்க உரிமம் இல்லை, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

மேலாளர் அவர்களே, எந்த விபத்து? எந்த நேரம்? யார் ஓட்டியது? தண்ணீர் ஏறிய நேரத்தில் அவன் தன் அம்மாவையும் இரண்டு ஆடுகளையும் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். வண்டி எங்கும் போகவில்லை, தண்ணீர்தான் வண்டியைத் தேடி வந்தது. லைசென்ஸ் கேட்பதென்றால் வாய்க்காலிடம் கேட்டிருக்கலாம்.

இதைச் சொல்ல உங்கள் அலுவலகத்துக்கு நேரிலும் வந்தோம். ஓர் இளைஞர் கோப்பைப் புரட்டி, “டிரைவர் பேரு ஃபில் பண்ணியிருக்கே சார்” என்றார். சர்வேயர் அறிக்கையைக் காட்டினேன். “அது வேற செக்‌ஷன் சார்” என்றார். இரண்டு தாளும் ஒரே கோப்பில், ஒரே டேக்கில் கோத்துக் கிடந்தன.

சரி, உங்கள் வாதத்துக்கே வருகிறேன். அவன் ஓட்டிக்கொண்டிருந்ததாகவே வைத்துக்கொள்வோம். லோடு முழுதும் ஏற்றினாலும் அந்த வண்டியின் மொத்த எடை இரண்டு டன்னைத் தொடாது. எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை இலகுரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னது. 2018-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு அதையே எழுதியது. காப்பீட்டு நிறுவனங்கள் விட்டனவா? ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு வரை கொண்டுபோயின. இப்படிப்பட்ட உரிமக்காரர்களால் விபத்து கூடிவிட்டது என்பதற்குப் புள்ளிவிவரம் எதையும் யாரும் காட்டவில்லை என்று குறிப்பிட்டு, 2017 தீர்ப்பையே அந்த அமர்வு உறுதி செய்தது. தேதி 2024 நவம்பர் 6. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது அதே மாதக் கடைசியில். உங்கள் நிராகரிப்புக் கடிதம் வந்தது அடுத்த வருடம். தினத்தாளில் வந்த செய்தி எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்துவிட்டது. உங்கள் சட்டப் பிரிவுக்கு வரவில்லையா?

சட்டம் பேசமாட்டேன் என்று உட்கார்ந்தவனை இவ்வளவு பேசவைத்தது உங்கள் கடிதம்.

அதே 7,500 கிலோ உங்களுக்குத் தெரியாத எண்ணா என்றால், மிக நன்றாகத் தெரிந்த எண். 2022 ஜூன் முதல் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 16,049 ரூபாய், வரி தனி. ஒன்றரை டன் குட்டி யானையும் ஏழரை டன் லாரியும் ஒரே தட்டில். சட்டப்படி கட்டாயம் என்பதால் அதைக் கட்டினான். கடன் கொடுத்தவர்கள் கேட்டதால் சொந்தச் சேதக் காப்பீட்டையும் சேர்த்துக் கட்டினான். வெள்ளம், புயல், தீ, திருட்டு என்று அதில் அச்சிட்டிருப்பதைப் படித்து, அது தனக்கும்தான் என்று நம்பினான். பணம் வாங்கும்போது 7,500 கிலோ வரை எல்லா வண்டியும் ஒன்று என்ற கணக்கு உங்கள் நினைவில் இருக்கிறது. பணம் கொடுக்கும்போது மறந்துபோகிறது. மறதிக்கும் உங்கள் அலுவலகத்தில் தனி செக்‌ஷன் இருக்கிறதா?

எங்கள் ஊருக்கு நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். வரலாற்று மாணவர்கள் வருவார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இங்கே இருக்கிறது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை என்று, தன் கோயிலில் எவையெவை இல்லை என்பதை அவன் கல்வெட்டாகவே பொறித்துவைத்தான். ஆயிரத்து நானூறு வருடமாகியும் படிக்க முடிகிறது. உங்கள் பாலிசியில் எவையெவை இல்லை என்ற பட்டியலை வாசிக்க எனக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. வாசித்தேன். நின்றிருக்கும் வண்டிக்கு ஓட்டுநர் வேண்டும் என்ற வரி அதிலும் இல்லை.

அந்தப் புயலுக்குத் தமிழ்நாடு அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் கொடுத்தது. பெரிய தொகை இல்லைதான். ரேஷன் கார்டைக் காட்டினான், வாங்கினான். அதற்கு அவன் ஒரு பைசா பிரீமியம் கட்டியிருக்கவில்லை. பிரீமியம் கட்டிய இடத்தில் கைவிரிக்கிறார்கள் என்பதை அவன் அம்மாவுக்கு என்னால் புரியவைக்க முடியவில்லை. நாற்பது வருடத்துக்குப் பக்கமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாய் இது.

இப்போது அவன் என்ன செய்கிறான் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். செஞ்சியில் வேறொருவருடைய குட்டி யானையைத் தினக் கூலிக்கு ஓட்டுகிறான். அதே லைசென்ஸ். அதே இல்லாத பேட்ஜ். அந்த வண்டிக்கும் உங்கள் நிறுவனத்தில்தான் காப்பீடு. அவன் ஓட்டத் தகுதியில்லாதவன் என்பது உங்கள் உண்மையான நம்பிக்கையாக இருந்தால், அந்த முதலாளிக்கு ஒரு கடிதம் போட்டு எச்சரித்திருக்க வேண்டாமா? அங்கே பிரீமியம் மட்டும் போதுமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் இல்லாமல் ஒர்க்‌ஷாப் மூலையில் கிடக்கும் அந்த வண்டிக்கு, பாலிசி முடிவதற்கு முன்பே உங்கள் நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. அன்பான வாடிக்கையாளரே, உங்கள் வாகனத்தின் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு, இன்றே புதுப்பியுங்கள். என் கடிதங்களுக்குப் பதில் சொல்ல மாதக்கணக்கில் தூங்கிய அலுவலகம், இதில் ஒருநாள்கூடத் தவறவில்லை.

குறைதீர்ப்பாளரிடம் போங்கள், நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்று உங்கள் ஆட்கள் போனில் சொல்கிறார்கள். போவோம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் கேட்கும் குறைதீர்ப்பாளர் சென்னையில் இருப்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் தினக் கூலிக்காரன் சென்னைக்கு ஒருமுறை போய்வந்தால் அன்றைய கூலி போகும், பஸ் காசு போகும். பாதிப் பேர் அங்கேயே ஓய்ந்துவிடுவார்கள். அந்தப் பாதியை நம்பித்தான் இந்தக் கடிதங்கள் அச்சாகின்றன என்று நான் சந்தேகப்படுகிறேன். சந்தேகம் தவறென்றால் நீங்களே நிரூபியுங்கள்.

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயத்தைச் செய்யுங்கள் என்று எழுதினால் எந்த விதியின் கீழ் என்பீர்கள். கோப்பை எடுங்கள். சர்வேயர் அறிக்கையையும் கிளெய்ம் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் நீங்களே படியுங்கள். கீழே இருப்பவரிடம் அனுப்பிக் குறிப்பு கேட்காதீர்கள். படித்த பிறகும் அந்த வண்டியை அன்று யாரோ ஓட்டினார்கள் என்று உங்களுக்குத் தோன்றினால், அதை உங்கள் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ‘அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர்’ என்ற அந்த ஆளில்லாத ரப்பர் முத்திரை வேண்டாம். தோன்றாவிட்டால் பணத்தை அனுப்புங்கள், தாமதித்த மாதங்களுக்கு வட்டியோடு. அவன் தவணைக்கு வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

உங்களிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இனி, இதைப் படிக்கும் வண்டிக்காரர்களுக்கு. நின்ற வண்டிக்குச் சேதம் என்றால் ஓட்டியவர் கட்டத்தில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். ‘நிறுத்திவைக்கப்பட்டிருந்தது, யாரும் ஓட்டவில்லை’ என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். ஏஜெண்ட் என்ன சொன்னாலும் சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். வண்டி நிற்கும் இடம் தெரியும்படி, தண்ணீர் வடியும் முன்பே போனில் படம் எடுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
மண்டகப்பட்டிலிருந்து
ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்