மணியோசையும் வாசற்கதவும்

கைப்பேசி மணி ஒலித்தால் எடுத்தே தீரவேண்டும் என்று எந்த மார்க்கச் சட்டம் சொல்கிறது? நம் பெரியகுளத்துக் குடும்பங்களிடையே இந்நாளில் மூளும் மனத்தாங்கல்கள் பலவற்றின் வேர், 'எடுக்கவில்லை' என்னும் ஒற்றைச் சொல்லில் கிடக்கிறது. மருமகள் எடுக்கவில்லையா, அவள் கர்வி. மச்சான் எடுக்கவில்லையா, கடன் கேட்போமென்று அஞ்சுகிறார்!

வழக்கம் ஆளுக்கு ஆள் வேறு. மையவாடியில் நின்றாலும் முதல் மணியிலேயே எடுப்பவர் உண்டு. அறிந்த எண்ணாயின் மட்டும் எடுப்பவர் உண்டு. மலையடிவார மாந்தோப்பில் காவலிருப்பவரோ, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்த பின்னரே எவர் அழைத்தார் என்றறிவார். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு வரை, வரும் அழைப்புக்கும் எடுத்தவரே காசு கொடுத்தார். எடுக்காதவரை அன்று சிக்கனக்காரர் என்றோம். காசு போயிற்று, கடமை வந்து சேர்ந்தது.

"ஸலாமுக்குப் பதில் சொல்வது வாஜிப், ஆகவே போனை எடுப்பதும் வாஜிப்" என்று வாதிடும் சகோதரர்களையும் கண்டிருக்கிறோம். மணியோசை எப்பொழுது ஸலாம் ஆயிற்று? அது கதவைத் தட்டும் ஓசை. எடுத்த பின்னரே ஸலாம் வருகிறது. கதவைத் தட்டுவோருக்குரிய ஒழுங்கைத் திருமறையின் அந்நூர் அத்தியாயம் விரிவாகவே வகுத்துள்ளது. அனுமதியின்றிப் பிறர் இல்லம் புகலாகாது. திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும். அதுவே தூய்மையானது என்பது அதன் கருத்து.

அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாசலில் நின்று மும்முறை அனுமதி கேட்டார்கள். உள்ளே அலுவலில் மூழ்கியிருந்த கலீஃபாவிடமிருந்து பதில் வரவில்லை. வந்தவர் திரும்பிவிட்டார். மும்முறைக்கு மேல் நிற்கலாகாது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்த வரம்பு. நம்மவரோ பதினைந்து முறை அழைத்துவிட்டு, எடுத்தவரிடம், "நான்தான், தெரியவில்லையா?" என்கின்றனர். வாசலில் நின்று 'நான்' என்று மட்டும் சொன்ன தோழரின் பதிலை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை இவர்கள் கேட்டதில்லை போலும்.

இவையெல்லாம் சிறு குறைகள். நம்மை எழுதத் தூண்டியது வேறொன்று. ரியாத்தில் இரவு மணி 9 என்றால் இங்கே 11.30. பிள்ளைகளை உறங்கவைத்துத் தானும் கண்ணயர்ந்தவளின் போன் ஒலிக்கிறது. பத்து முறை ஒலிக்கிறது. பின்னர் மாமியாரின் போன், அடுத்துக் கொழுந்தனின் போன். நள்ளிரவில் அறைக்கதவு தட்டப்படுகிறது. விடிந்ததும் விசாரணை: "ஏன் எடுக்கவில்லை? எங்கே இருந்தாய்?" அந்த வினாவில் என்ன பொதிந்துள்ளது என்பது கேட்பவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பலர் தங்கும் அறையில், வேலை முடிந்து வாய்க்கும் ஒரு மணி நேரத்தில் மனைவியின் குரலுக்கு ஏங்குபவனின் நிலையை நாம் அறியாதவர்களல்லர். அதற்கு நேரம் குறித்துக்கொள்ளலாம். ஆனால் சபர் சென்றவர், குடும்பத்தாரின் குறையைத் துருவும் எண்ணத்தோடு இரவில் அவர்களிடம் திடுமென வந்து நிற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். காலால் நடந்து தன் வீட்டுக்கே வருபவனுக்குள்ள தடை, குரலால் வருபவனுக்கு இல்லையா? சுபுஹுக்கு முன், நண்பகல், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டுச் சிறுவரும் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்று அதே அந்நூர் அத்தியாயம் விதிக்கும்போது, கொழுந்தன் எந்த உரிமையில் கதவைத் தட்டுகிறான்?

அவசரம் என்றால் என்ன செய்வது என்பர். ஜனாஸாவுக்கும் பிரசவத்துக்கும் மும்முறைக் கணக்குப் பார்ப்பார் எவருமிலர். இன்னார், இன்ன செய்தி என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால், எடுக்காதவரும் ஓடி வருவார்.

எடுக்காதோர்க்கு நாம் முழு விடுதலை தந்துவிட்டதாக எண்ணவேண்டாம். நாள் முழுதும் திண்ணையில் இருந்தும் திரும்ப அழைக்காதோர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அந்த நிகழ்ச்சியின் பிற்பகுதியையும் கேட்கட்டும்: அலுவல் முடிந்த உமர் (ரலி) அவர்கள், "அபூமூஸாவின் குரல் கேட்டதே" என்று வினவினார்கள், அவர் திரும்பிவிட்டார் எனத் தெரிந்ததும் ஆளனுப்பி அழைத்தார்கள்.