குட்டி யானைக்கு டயர் மாத்தப் போறீங்களா? விலையைக் கேட்கும் முன் இந்த எண்ணைப் பாருங்க!

“என்ன வண்டிண்ணே?”, “எந்தக் கம்பெனி போடலாம்?”, “எவ்ளோல பாக்குறீங்க?”

டயர் கடைக்குப் போனால் இந்த மூன்று கேள்விகளும் வரிசையாக வரும். பதில் சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஜாக்கியில் ஏறியிருக்கும். “என்ன லோடு ஏத்துவீங்க?” என்ற நான்காவது கேள்வி மட்டும் பெரும்பாலும் வராது. பிக்கப் வண்டிக்கு டயர் வாங்கும்போது முதலில் வர வேண்டிய கேள்வியே அதுதான்.

2005-ல் டாடா ஏஸ் வந்தது. முக்கால் டன் ஏற்றலாம் என்ற கணக்கோடு வந்த அந்தச் சின்ன வண்டிக்கு நம் ஊர்க்காரர்கள் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு தோஸ்த், இன்ட்ரா, பொலிரோ பிக்கப் என்று ஒரு பெரிய கூட்டமே வந்துவிட்டது. மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளிக் கூடையிலிருந்து தண்ணீர் கேன், பந்தல் சாமான், வீடு மாற்றும்போது பீரோ, கட்டில் வரை எல்லாம் இதில்தான். பல வண்டிகளுக்கு ஓனரும் டிரைவரும் ஒரே ஆள். வண்டி ஒன்று, அதற்கு ஒரு இ.எம்.ஐ. அதனால் டயர் மாற்றுவது என்பது அந்த மாத வீட்டு பட்ஜெட்டையே அசைக்கிற செலவு. ஸ்கூல் ஃபீஸ் கட்டும் மாதத்தில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

அதனால்தான் “இப்போதைக்கு ரெண்டு மட்டும் போடு”, “செகண்ட்ஸ்ல இருந்தா பாரு” என்ற பேச்சு வருகிறது. அதில் தப்பில்லை. ஆனால், எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்பதை டயரே தன் பக்கவாட்டில் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

டயர் மேல் என்ன எழுதியிருக்கு?

ஒரு பிக்கப் டயரின் பக்கவாட்டில் 165 ஆர் 14 எல்.டி. 8 பி.ஆர்., 97/95 என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல். 14 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். எல்.டி. என்றால் லைட் டிரக், அதாவது சுமை வண்டிக்கான டயர். பி.ஆர். என்பது ஒரு காலத்தில் டயருக்குள் எத்தனை அடுக்கு நூல் துணி இருந்தது என்பதைச் சொன்ன எண். இப்போது அத்தனை அடுக்கு கிடையாது. அத்தனை அடுக்குக்குச் சமமான பலம் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியில் இருக்கும் 97/95-தான் முக்கியம். இது கிலோ அல்ல, ஒரு குறியீடு. 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ தாங்கும். 95 என்பது ஒரே பக்கத்தில் இரட்டை டயர் போடும் வண்டிகளுக்கு. அப்போது ஒவ்வொன்றும் 690 கிலோ. இதேபோல் 80 என்றால் 450 கிலோ, 86 என்றால் 530 கிலோ. இந்தப் பட்டியல் உலகம் முழுக்க ஒன்றுதான். எந்தக் கம்பெனி டயராக இருந்தாலும் மாறாது.

இப்போது வில்லனுக்கு வருவோம். கார்களுக்கு 165/80 ஆர் 14 என்று ஒரு டயர் உண்டு. அகலம் அதே 165. டிஸ்க் அதே 14. உயரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிக்கப் டிஸ்க்கில் அழகாக உட்கார்ந்துவிடும். கழற்றிப்போட்ட கார் டயர் நல்ல கண்டிஷனில் சல்லிசாகக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த டயரில் வழக்கமாக இருக்கும் குறியீடு 85. அதாவது 515 கிலோ. ஒரு டயருக்கு 215 கிலோ குறைவு. பின்பக்கம் இரண்டையும் சேர்த்தால் 430 கிலோ. காலியாக ஓட்டும்போது எதுவும் தெரியாது. மெத்து மெத்தென்று சுகமாகக்கூட இருக்கும். லோடு ஏற்றி, மே மாத மதியத்தில் பைபாஸில் ஒரு மணி நேரம் ஓடினால்தான் அந்த 215 கிலோ எங்கே போனது என்று தெரியும்.

காற்றிலும் இதே கதைதான். சாதாரண கார் டயர் 35 பி.எஸ்.ஐ. அளவில் வேலை செய்யும். 8 பி.ஆர். சுமை டயர் முழு லோடுக்கு 65 பி.எஸ்.ஐ. வரை கேட்கும். எடையைத் தாங்குவது ரப்பரைவிட, உள்ளே இருக்கும் காற்றுதான். அந்தக் காற்றை அடைத்து வைக்கும் பலம் எந்த டயரில் இருக்கிறதோ அதுதான் பிக்கப்புக்கு ஏற்றது.

ஆக, ஒரே விதி. வண்டியோடு வந்த டயரில் என்ன குறியீடு இருந்ததோ அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ வாங்கலாம். குறைவாக ஒருபோதும் வேண்டாம். கம்பெனி உங்கள் இஷ்டம்!

ஒரு சின்னக் கணக்கு. ஆடி மாதம் வந்தால் குட்டி யானையில் தார்ப்பாய் விரித்து, மொத்தக் குடும்பமும் ஏறி குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும் காட்சி நமக்குப் புதிதல்ல. 20 பேர், ஆளுக்குச் சராசரியாக 60 கிலோ என்றால் 1,200 கிலோ. அண்டா, அரிசி, ஆடு தனி. முக்கால் டன் வண்டியில் இது! சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படியே தவறு. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் சிக்கல். இத்தனைக்கும் தக்காளியாவது வளைவில் ஒரே பக்கம் சாயாது, மனிதர்கள் சாய்வார்கள். டயர் மாற்றும் பேச்சு வரும்போது வீட்டில் இந்தப் பேச்சும் வந்தால் நல்லது.

பழைய டயரை உடனே தூக்கிப் போடாதீங்க

புது டயர் வாங்கும் முன் பழைய டயரை நிறுத்தி வைத்து ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் மிச்சம் இருந்தால், காற்று குறைவாக ஓடியிருக்கிறது, அல்லது ஓவர்லோடு. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு. அங்கங்கே குழி விழுந்ததுபோல் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரோ, பேரிங்கோ, பேலன்சிங்கோ சரியில்லை. இதைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால், அதுவும் இதே மாதிரி தேய்ந்து, சீக்கிரமே மறுபடி கடை வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அலைன்மென்ட்டுக்கு ஆகும் சில நூறு ரூபாயைச் செலவு என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் பிக்கப் ஓனருக்கு அதைவிட லாபமான செலவு கிடையாது.

எப்போது மாற்றுவது? டயரின் பள்ளத்துக்குள் குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும். பக்கவாட்டில் ஒரு சின்ன முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ அந்த இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் 1.6 மி.மீ. மட்டுமே மிச்சம். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ஐப்பசி மழையில் லோடோடு ஓடுகிற வண்டி என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 3 மி.மீ. வரும்போதே பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம்.

புது டயர் நிஜமாவே புதுசா?

டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. சில டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இது இருக்கும். உள்பக்கம் வைத்து மாட்டிவிட்டால் தெரியாது. மாட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் வயதாகும். வெயில் படுகிற மாதிரி கடை வாசலில் அடுக்கி வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். ஒரு வருடத்துக்கு மேல் பழைய தேதி என்றால் வேறு கேட்கலாம், கூச்சப்படவே வேண்டாம்.

இந்தத் தேதி அதிகம் தேவைப்படுவது ஸ்டெப்னிக்குத்தான். மற்ற நான்கும் தேய்ந்து மாறிவிடும். ஸ்டெப்னி மட்டும் வண்டிக்கு அடியில் சேறும் வெயிலும் பட்டு அப்படியே கிடக்கும். பட்டன் புதுசு மாதிரியே இருக்கும். பக்கவாட்டில் விரலால் அழுத்திப் பார்த்தால் வெடிப்பு தெரியும். (ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் மாற்றுச் சக்கரம் செய்ய ஆரம்பித்த கடையிலிருந்து வந்தது. அந்தப் பெயர் நம் ஊர் பஞ்சர் கடை வரை வந்து நிலைத்துவிட்டது!)

ரீபட்டன் டயர் போடலாமா? லாரிகளில் சாதாரணமாகப் போடுகிறார்கள். விமான டயர்களுக்கே ரீட்ரெடிங் உண்டு. நல்ல கேசிங், நல்ல பட்டறை என்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிக்கப்பின் சின்ன டயரில் அதனால் கிடைக்கும் மிச்சம் லாரி அளவுக்கு இருக்காது. அப்படியே போட்டாலும் பின்பக்கம் மட்டும். ஸ்டியரிங் திரும்பும் முன்சக்கரத்தில் வேண்டாம். மொட்டை டயரில் கத்தியால் கோடு வெட்டி, கறுப்பு பெயின்ட் அடித்து ‘செகண்ட்ஸ்’ என்று விற்பது வேறு ரகம். அதில் பள்ளம் இருக்கும், அடியில் ரப்பர் இருக்காது. பளபளவென்று மின்னுகிற பழைய டயரைச் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால், இரண்டையும் ஒரே அச்சில், ஒரே கம்பெனி, ஒரே பேட்டர்னில் போட வேண்டும். முன்னாடி ஒன்று, பின்னாடி ஒன்று என்று பிரிக்கக் கூடாது. எந்த அச்சில்? ‘முன்னாடிதான்’ என்பார்கள் பலர். டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது பின்னாடி. ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் டிரைவருக்கு ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும்; பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிய பிறகுதான் தெரியும். அதற்காக முன்னால் மொட்டையை வைத்து ஓட்டலாம் என்று அர்த்தமில்லை.

விலை பேசும்போது ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, 3,500 ரூபாய் டயர் 30,000 கி.மீ. ஓடுகிறது, 4,200 ரூபாய் டயர் 45,000 கி.மீ. ஓடுகிறது என்றால், முதலாவதில் கிலோமீட்டருக்கு 11 பைசாவுக்கு மேல் ஆகிறது; இரண்டாவதில் 10 பைசாகூட இல்லை. ஒரே லைனில் ஓடும் வண்டிக்காரர்களிடம் “உனக்கு எவ்ளோ ஓடுச்சு?” என்று விசாரித்தால் போதும், எந்த விளம்பரத்தையும்விட நம்பகமான பதில் வரும்.

2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் “பில் வேணாம்னா குறைச்சுத் தரேன்” என்ற பேச்சு வரலாம். பில் இல்லையென்றால், நான்கு மாதத்தில் டயர் பக்கவாட்டில் வீங்கினால் கம்பெனியிடம் வாரன்ட்டி கேட்பது கஷ்டம். டயரின் சீரியல் எண்ணை பில்லில் எழுதச் சொல்லி வாங்கி, வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் ஃபைலிலேயே வைத்துவிடலாம்.

கடைசியாகக் காற்று. “வெயில் காலம், ரெண்டு பாயின்ட் கம்மியா வை” என்ற அறிவுரை தலைமுறை தலைமுறையாக வருகிறது. இது தலைகீழ்! காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு அதிகமாக மடங்கி விரியும், அதில்தான் சூடு கிளம்பும். சூட்டில் உள்ளே ஒட்டியிருக்கும் அடுக்குகள் பிரியும், பிறகு வெடிக்கும். ஓடிய சூட்டில் காற்றழுத்தம் ஏறுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கவும் கூடாது. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்த்து, மேனுவலில் லோடுக்குச் சொல்லியிருக்கும் அளவை வைத்தால் போதும். நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான்.

புது டயர் மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும், முதல் லோடை இறக்கிவிட்டு வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். வழியில் இருக்கும் எந்த பஞ்சர் கடையிலும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் காசுகூடக் கேட்க மாட்டார்கள்.