சந்தை அல்ல, ஊர்

'வளர்ந்து வரும் சந்தை' என்று ஒரு சொற்றொடர் புழங்குகிறது. ஆப்பிரிக்காவில் காற்றாலை வைப்பதைப் பற்றிய அறிக்கை எதைப் புரட்டினாலும் முதல் பக்கத்திலேயே அது சட்டமாக உட்கார்ந்திருக்கும். கென்யா ஒரு சந்தை. செனகல் ஒரு சந்தை. எத்தியோப்பியா ஒரு சந்தை. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். எதைப் படித்தாலும் அதிலே மனிதர்கள் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தேடுவது என் தொழில் புத்தி. இந்த அறிக்கைகளில் முதல் போடுகிறவர் வருகிறார், கடன் கொடுக்கிறவர் வருகிறார், மந்திரி வருகிறார். காற்றடிக்கிற மண்ணில் ஆடு மேய்க்கிறவன் மட்டும் வருவதில்லை. தப்பித் தவறி வந்தாலும், 'தீர்க்க வேண்டிய சிக்கல்கள்' என்ற தலைப்புக்குக் கீழேதான் வருகிறான்.

காற்றாலையின் மீது எனக்கு விரோதம் இல்லை. அந்தக் கணக்கின் மீதுதான் விரோதம்.

கென்யாவின் வடக்கே துர்கானா ஏரி இருக்கிறது. எத்தியோப்பிய மலைகளுக்கும் கென்ய மலைகளுக்கும் நடுவே ஒடுங்கிப் புகுந்து வருகிற காற்று அங்கே வருஷம் முழுவதும் வீசுகிறது. சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 11 மீட்டர். காற்றாலைக்காரர்களுக்கு இதைவிட வேறு வரம் வேண்டாம். மார்சபிட் மாவட்டத்தில், லோயங்கலானிக்குப் பக்கத்தில், டென்மார்க் தேசத்து யந்திரங்கள் 365 நிறுத்தினார்கள். மொத்தம் 310 மெகாவாட். 2019-ல் ஜனாதிபதி வந்து திறந்து வைத்தார். பெருமைப்பட வேண்டிய காரியந்தான்.

ஆனால் திறப்பு விழாவுக்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள். 2017-லேயே யந்திரங்கள் நின்றுவிட்டன. மின்சாரத்தைத் தெற்கே சுஸ்வாவுக்குக் கொண்டு போக 400 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுக்க வேண்டும். அது சர்க்காரின் பொறுப்பு. காண்டிராக்டு எடுத்த ஸ்பெயின் கம்பெனி திவாலாகிவிட்டது. 2018 செப்டம்பர் வரை கம்பி வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அத்தனை யந்திரங்களும் யாருக்கும் ஒரு விளக்குக் கூட ஏற்றாமல் நின்றன. அப்படி நின்ற காலத்துக்கும் சர்க்கார் பணம் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நஷ்டஈடு கோடிக்கணக்கான யூரோ. வராத மின்சாரத்துக்கு யார் கொடுத்தார்கள்? வரி கட்டுகிறவனும் பில் கட்டுகிறவனுந்தான். இந்த ஆபத்து யாருக்கும் தெரியாமல் வந்ததும் அல்ல. உபயோகப்படாத மின்சாரத்துக்கும் நாடு பணம் கட்ட நேரும் என்று அஞ்சி, உலக வங்கியே 2012-ல் இந்தத் திட்டத்திலிருந்து கையைக் கழற்றிக் கொண்டது.

"முதல் போடுகிறவன் துணிந்து ஆபத்தை ஏற்கிறான், அவனுக்கு லாபம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். தாராளமாக வேண்டும். ஆனால் எந்த ஆபத்து? கம்பி வராவிட்டால் நஷ்டம் ஜனங்களுடையது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டான். கரன்ட் வாங்குகிறவன் 20 வருஷம் வாங்கியே தீருவான் என்றும் எழுதி வாங்கிக்கொண்டான். இதே வட்டாரத்தில் 2020 கடைசி முதல் 2023 வரை மழை பொய்த்து, கென்யாவில் லட்சக்கணக்கான கால்நடைகள் மடிந்தன. மந்தையை இழந்த மேய்ப்பனுக்கு 20 வருஷ உத்தரவாதம் எழுதிக் கொடுக்க யார் இருந்தார்கள்? அவனல்லவா துணிந்தவன்!

அடுத்தது நிலம். ஏறக்குறைய 1,50,000 ஏக்கர். துர்கானா, சம்புரு, ரெண்டில்லே ஜனங்கள் மந்தை ஓட்டித் திரிந்த பொது நிலம். சட்டப்படி உள்ளூர்க் கவுன்சில் அதற்குத் தர்மகர்த்தா மாத்திரமே. கோயில் சொத்தைத் தர்மகர்த்தா குத்தகைக்கு விட்ட கதை நமக்குத் தெரியாததா? ஜனங்கள் 2014-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021 அக்டோபரில் மெரு நகரத்து நீதிமன்றம், சட்டம் விதித்த முறைப்படி நிலம் பெறப்படவில்லை என்று தீர்ப்புச் சொல்லி, சரி செய்ய ஒரு வருஷம் தவணை கொடுத்தது. 2023-ல் மேலும் தவணை கேட்டபோது மறுத்துவிட்டது.

கம்பெனி 200 கிலோமீட்டர் சாலையைச் செப்பனிட்டுத் தந்தது. கிணறும் பள்ளிக்கூடமும் வந்தன. இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் தர்மம் வேறு, பாத்தியதை வேறு. வீட்டுக்காரனுக்கு வாடகை தராமல் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கிற குடித்தனக்காரனை நாம் மெச்சுவோமா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "பாவம், அந்த ஜனங்களை அப்படியே விட்டுவிடுங்கள், காற்றாலையே வேண்டாம்" என்று உருகுகிற கூட்டம். இது அதைவிடப் பெரிய கொடுமை. 2023 வாக்கில் கென்யாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு காற்றிலிருந்து கிடைத்தது. டீசலைக் கப்பலில் இறக்கி எரிப்பதை விட இது மேல். அந்த மேய்ப்பன் மகளும் விளக்கு வெளிச்சத்தில் படிக்கத்தான் ஆசைப்படுவாள். அவள் தலைக்கு மேலே போகிறது 400 கிலோவோல்ட் கம்பி. அதிலிருந்து ஒரு குடிசைக்கு விளக்கு எடுக்க முடியாது. மின் அழுத்தத்தைக் குறைக்கத் துணை நிலையம் வேண்டும். அதைக் கட்டுவது முதல் செலவா கடைசிச் செலவா என்பதுதான் வழக்கு.

ஊரைக் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யாவிலேயே இன்னொரு சாட்சி உண்டு. கினாங்கோப்பில் 60 மெகாவாட் காற்றாலைக்குத் திட்டம் போட்டார்கள். நிலத்தைப் பற்றிய அச்சத்தில் சிறு விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். 2016-ல் திட்டமே கைவிடப்பட்டது. முதலும் போயிற்று, மின்சாரமும் போயிற்று. ஆகவே ஊரைக் கேட்பது தயவு தாட்சண்யம் அல்ல, வியாபாரத்துக்கே நல்லது.

முடியாத காரியமும் அல்ல. தென்னாப்பிரிக்கா 2011-ல் தொடங்கிய ஏலத்தில், காற்றாலையில் உள்ளூர் ஜனங்களுக்குக் குறைந்தது 2.5 சதவீதப் பங்கு வேண்டும் என்று விதி வைத்தது. பங்கு சிறிதுதான்; அதிலும் குறைகள் உண்டு. ஆனாலும் பங்கு என்ற வார்த்தை காகிதத்தில் ஏறிவிட்டது. ஏறிய வார்த்தையை வைத்துக்கொண்டு நாளை ஐந்து கேட்கலாம், பத்துக் கேட்கலாம். ஏறாத வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன கேட்பது?

துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுகிற மாட்டுச் சந்தையில் கூட, துண்டுக்கு அந்தப் பக்கம் மாட்டுக்காரன் கை இருக்கும். மாட்டுக்காரன் கையே இல்லாமல் முடிகிற பேரத்துக்குச் சந்தை என்று பெயர் வைக்காதீர்கள். அதற்கு நம் பாஷையில் வேறு பெயர் இருக்கிறது. அதை நான் எழுத வேண்டியதில்லை.