எருவை எடைபோடும் கணக்கு

ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் அடித்தால் கிடைக்கும் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும், கடையில் முந்நூறு ரூபாய்க்குள் வாங்கித் தோளில் தூக்கி வந்துவிடக்கூடிய ஒரே ஒரு யூரியா மூட்டைக்குள் அடங்கிவிடுகிறது என்பதும், ஆகவே டிராக்டர் வாடகையும் ஆள் கூலியும் கொடுத்துக் குப்பையைச் சுமந்து போய்க் கொட்டுகிறவன் கணக்குத் தெரியாதவன் என்பதும், உரக்கடைத் திண்ணையிலிருந்து டீக்கடைப் பெஞ்சு வரையில் இன்று மறுபேச்சின்றி ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்ட அபிப்பிராயங்கள். படித்தவர்களும் இதைச் சொல்லுகிறார்கள். படிக்காதவர்கள், படித்தவர்கள் சொன்னதாகச் சொல்லுகிறார்கள். எருக்குழியின் மீது தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த மதிப்பைக் கைவிட மனம் வராத சில கிழவர்கள் மட்டும், இந்தக் கணக்குக்கு எதிர்க்கணக்குப் போடத் தெரியாமல், "இருந்தாலும் எருவுக்கு ஈடாகுமா?" என்று முனகிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த முனகலில் நியாயம் இருக்கிறது என்பதே என் கட்சி.

எதிர்த்தரப்பாருக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுவோம். சாதாரணத் தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு. ஐந்து டன்னுக்கு 25 கிலோ ஆகிறது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு. 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ இருக்கும். எருவிலுள்ள 25 கிலோவிலும் ஒரு சிறு பகுதியே முதல் போகத்துக்கு உதவும், எஞ்சியது மண்ணில் தங்கிச் சிறுகச் சிறுகத்தான் வெளிப்படும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கணக்கு எருவுக்கு இன்னும் பாதகமாகவே முடிகிறது. பெருக்கலிலும் கழித்தலிலும் குற்றம் காண இடமில்லை. ஆனால் எரு என்பது தழை, மணி, சாம்பல் என்ற மூன்று சத்துக்களோடு ஈரத்தையும் கூளத்தையும் கலந்துவிட்ட மட்டமான உரம் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு, அந்த மூன்றைத் தவிர மற்றதையெல்லாம் நிறுக்காமலே ஒதுக்கிவிட்டு, பிறகு எடை குறைகிறதே என்று ஏளனம் செய்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தக் கணக்கின் பூர்வீகம் நம் நாட்டில் இல்லை. ஜெர்மன் ரசாயன அறிஞர் லீபிக், 1840-இல் வெளியிட்ட நூலில், மண்ணிலுள்ள மட்கையே செடி உணவாக உட்கொள்ளுகிறது என்ற பழைய கொள்கையைக் கண்டித்து, தாது உப்புக்களே அதன் ஆகாரம் என்று வாதித்தார். செடி மட்கைத் தின்பதில்லை என்ற அளவில் அவர் சொன்னது சரியே. ஆனால் செடிக்கு அது உணவல்ல என்பதிலிருந்து மண்ணுக்கும் அது தேவையில்லை என்ற முடிவுக்கு ஒரே தாவாகத் தாவிய பின்வந்தோரின் தர்க்கம், இன்று நம் திண்ணைகளில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தாவலைச் சோதித்துப் பார்க்க உலகத்திலேயே நீண்ட வயற்பரிசோதனை ஒன்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதைத் தொடங்கியவர் எருவின் பக்தர் அல்லர், உர வியாபாரி. சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கும் முறைக்கு 1842-இல் காப்புரிமை பெற்ற இங்கிலாந்துக்காரர் ஜான் லாஸ், மறு வருஷமே, கில்பர்ட் என்ற ரசாயன அறிஞரின் துணையோடு, ராத்தம்ஸ்டெட்டிலுள்ள தமது பண்ணையின் பிராட்பாக் வயலில் கோதுமையை விதைத்து, ஒரு பாத்திக்கு ஒன்றுமே இடாமலும், ஒன்றுக்கு எருவும், மற்றவற்றுக்குப் பலவிதமான உப்புக்களும் இட்டு வரலானார். அந்தப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. எருப் பாத்திக்கு ஹெக்டேருக்கு 35 டன் வீதம் வருஷந்தோறும் இட்டு வந்தும், முழு ரசாயன உரம் பெற்ற பாத்திகள் நெடுங்காலம் மகசூலில் அதற்குச் சளைக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மூட்டைக் கட்சியார் மேற்கோள் காட்டுவது இந்தப் பாதியைத்தான். மறு பாதி இது: எருப் பாத்தியின் மேல்மண்ணிலுள்ள கரிமம், ஒன்றும் இடாத பாத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறிவிட்டது, புதிய வீரிய ரகங்கள் வந்த பிறகு, எருவும் தழைச்சத்து உப்பும் சேர்த்துப் பெற்ற பகுதியே மகசூலில் முந்தி நின்றது, கரிமம் மிகுந்த பகுதிகளில் கலப்பையை இழுக்க வேண்டிய விசையும் குறைவு என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். அதே பண்ணையின் ஹூஸ்ஃபீல்டு வயலில் 1852 முதல் 1871 வரை எரு பெற்று, அதன்பின் ஒரு கூடைகூடப் பெறாத பாத்தி ஒன்றுண்டு. நூறு வருஷம் கடந்தும், எருவே காணாத பக்கத்துப் பாத்தியைவிட அதன் மண்ணில் மட்கு அதிகம். ஒரு போகத்து வரவு செலவில் வைத்து எருவைத் தள்ளுபடி செய்கிறவர்கள், இந்தப் பாத்தியை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்? நம் கோயம்புத்தூரிலும் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை நடந்து வருகிறது. சீமைக் குளிர்தேசத்து அனுபவம் நமக்கு ஒத்துவராது என்கிறவர்கள், தொழு உரம் பெற்ற பாத்தியின் கரிமத்தை அங்கே போய் விசாரித்துக்கொள்ளலாம்.

இனி, அந்த 21 கிலோவைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்ப்போம். வீசிய யூரியாவைப் பயிர் அப்படியே உறிஞ்சிக் கொழுத்துவிடுகிறது என்று எண்ணுகிறவர்கள் அநேகர். உள்ளபடி, ஈரத்தில் கரைந்த யூரியாவை, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சுரந்து வைத்திருக்கும் யூரியேஸ் என்ற நொதியே பெரும்பாலும் உடைத்து அம்மோனியாவாக்குகிறது. தண்ணீர் தேங்காத நிலமானால், அந்த அம்மோனியாவை ஒரு சாதிப் பாக்டீரியா நைட்ரைட் ஆக்க, வேறொரு சாதி அதை நைட்ரேட் ஆக்குகிறது. இந்த இரண்டு வேலைக்காரர்களையும் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்தறிந்து காட்டியவர் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. ஆகவே, நுண்ணுயிரின் தயவே வேண்டாம், நேராகப் பயிருக்கே ஊட்டுகிறோம் என்று மார்தட்டுகிறவர்களின் மூட்டையும், மண்ணுக்குள் போனதும் அந்த நுண்ணுயிரின் கையைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது. அத்தோடும் முடியவில்லை. நெல் வயலில் வீசும் யூரியாவின் தழைச்சத்தில் பாதிகூடப் பெரும்பாலும் பயிரின் உடம்பில் சேருவதில்லை; அம்மோனியாவாகவும் வேறு வாயுக்களாகவும் காற்றிலும், கரைந்து தண்ணீரோடும் போய்விடுகிறது. எருவின் 25 கிலோவுக்கு அத்தனை கழிவு போட்டவர்கள், மூட்டையின் 21 கிலோவுக்கு ஒரு பைசாக் கழிவும் போடாமல் விட்டது மறதியால்தானா என்று தெரியவில்லை. ஓடிப்போகும் அம்மோனியத்தைப் பிடித்து நிறுத்தி வைக்கும் சக்தி மண்ணின் களிக்கும் மட்குக்கும் உண்டு. களி குறைந்த மணற்பாங்கான நிலத்தில் அந்த வேலை மட்கின் தலையிலேயே விழுகிறது.

கணக்குப் போடாமல் ஒதுக்கிய பொருளுக்கு இப்போது வருகிறேன். நன்றாக மட்கிய எரு ஐந்து டன்னில் பாதியை ஈரமென்று தள்ளிவிட்டாலும், கரிமம் ஐந்நூறு கிலோ அளவுக்குத் தேறும். யூரியா மூட்டையிலும் கரிமம் உண்டு, ஒன்பது கிலோ, உடைபட்டவுடன் அது கரியமில வாயுவாய்ப் போகிறது. நுண்ணுயிர் உண்பதும் உயிர்ப்பதும் எருவின் கரிமத்தைக் கொண்டுதான். அது தின்று, பெருகி, மடிந்து, மடிந்ததை இன்னொன்று தின்னும் ஓயாத காரியத்தில் சுரக்கும் பசையும், பூஞ்சாணங்கள் விடும் மெல்லிய இழைகளும் சேர்ந்தே புழுதி மண்ணைத் திரட்டிப் பொலபொலப்பான பருக்கைகளாக்குகின்றன. இதைக் காண ஆய்வுக்கூடம் வேண்டாம். வேலியோரத்து மரத்தடியில், இலை விழுந்து மட்கிய இடத்திலிருந்து காய்ந்த மண்ணாங்கட்டி ஒன்றும், வருஷக்கணக்காக எரு காணாத வயலின் நடுவிலிருந்து ஒன்றும் எடுத்து, இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் நிறைத்து மெதுவாக இறக்கிப் பாருங்கள். வயற்கட்டி இரண்டொரு நிமிஷத்தில் விண்டு, கரைந்து, தம்ளர் முழுவதும் கலங்கிவிடும்; மரத்தடிக் கட்டி உள்ளிருந்த காற்றைக் குமிழியாக விட்டுவிட்டு, உருக்குலையாமல் கிடக்கும். செம்மண் புன்செயில் ஒரு மழை அடித்து வெயில் காய்ந்ததும் மேல்மண் ஓடு கட்டிக்கொண்டு, நிலக்கடலை முளை முட்டி முட்டி வெளியே வர மாட்டாமல் திணறுவது, இந்தக் கலங்கிய தம்ளரின் காட்சிதான். எந்த மூட்டை இதற்கு மருந்து?

மேலும், நம்முடைய வெப்பத்தில் மட்கு விரைவில் சிதைந்து போவதால், இடுவதை நிறுத்தினால் சீமையைப் போல் நூறு வருஷம் காத்திருக்காது. அரசாங்கம் 2015 முதல் கொடுத்து வரும் மண்வள அட்டையில் உள்ள பன்னிரண்டு இனங்களில் அங்ககக் கரிமமும் ஒன்று. அரை சதவீதத்துக்குக் கீழே போனால் குறைவு என்பது அளவுகோல். நம் நிலங்களில் மிகப் பல அந்தக் கீழ்வரிசையிலேயே இருக்கின்றன. அட்டையை வாங்குகிறவர்களோ தழை, மணி, சாம்பல் மூன்றையும் பார்த்து மூட்டைக் கணக்குப் போட்டுக்கொண்டு, அதைப் பாஸ்புத்தகத்துக்குள் மடித்து வைத்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் சொன்னதும், "அப்படியானால் நுண்ணுயிர்தானே விஷயம்? அதைப் புட்டியில் வாங்கி ஊற்றிவிடுகிறோம்" என்று இன்னொரு கூட்டத்தார் முன்வருகிறார்கள். மூட்டைக்காரரைப் பரிகசிக்கும் இவர்களும், சிறிய அளவில் பெரிய பலன் என்ற அதே மோகத்தில் மூழ்கியவர்களே. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா முதலியவற்றை நான் பழிக்கவில்லை. அவற்றைச் சிபாரிசு செய்யும் வேளாண் நிபுணர்களே, தொழு உரத்தோடு கலந்து தூவச் சொல்லுகிறார்கள் என்பதைத்தான் நினைவூட்டுகிறேன். கரிமம் வற்றிய மண்ணில் புட்டி புட்டியாக நுண்ணுயிரை ஊற்றுவது, பாலில்லாத சட்டியில் உறைமோர் தெளித்துவிட்டுத் தயிருக்குக் காத்திருப்பதை ஒக்கும். வந்தவை தின்ன ஒன்றுமில்லாமல் மடியும். இருப்பவையோ ஏற்கெனவே பட்டினி.

எருவுக்காக வாதாடும் நான், நம் ஊர்களில் எரு என்ற பெயரில் வயலுக்குப் போவதற்காக வாதாட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தெருவோரத்தில் வெயிலும் மழையும் பட, சாணமும் சாம்பலும் பிளாஸ்டிக் பையும் போட்டது போட்டபடி குவிந்து, மேலே வறண்டும் அடியில் அழுகியும் கிடப்பதைச் சித்திரையில் வாரிக் கொட்டினால், சாரணை விதையும் காண்டாமிருக வண்டின் புழுவும் சேர்ந்தே வயலுக்குப் போகும். அப்புறம் எருவால் களை வந்தது, தென்னை போயிற்று என்ற புகார். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி மூத்திரத்தில் இருக்கிறது. சாம்பல் சத்தில் பெரும் பங்கும் அதிலேதான். அது தொழுவத்திலிருந்து சாக்கடைக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, எருவில் சத்தில்லை என்று பேசுவதற்கு ஒரு தனித் துணிவு வேண்டும்.

இந்தூரில் 1924 முதல் 1931 வரை இருந்த வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்டு, இந்த நாட்டுக் குடியானவர்களின் வழக்கத்தையும் சீனத்து வழக்கத்தையும் கவனித்து வகுத்த முறையில், அந்த மூத்திரம் ஊறிய தொழுவத்து மண்ணுக்கு முக்கிய ஸ்தானம் உண்டு. செடி கொடிக் கூளத்தைப் பரப்பி, அதன்மேல் சாணக் கரைசலும் மூத்திர மண்ணும் விறகுச் சாம்பலும் தூவி, அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, மும்முறை புரட்டிக் கொடுத்தால், மூன்று மாதத்தில் எரு தயார். கரிமம் முப்பது பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்ற அளவில் கூளமும் சாணமும் பச்சையும் கலந்திருந்தால், நுண்ணுயிர் வேலை செய்யும் வேகத்திலே குவியலின் நடுப்பகுதி 60 டிகிரி வரை சுடும். நட்டு வைத்த கடப்பாரையைக் கால் மணி கழித்து உருவினால், நுனியைப் பிடிக்க முடியாது. களை விதையும் நோய்க் கிருமியும் அந்தச் சூட்டில்தான் சாகின்றன. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் தண்ணீர் அதிகம், உதிர்ந்தால் போதாது. மூக்கைக் குத்தும் நெடி அடித்தால் தழைச்சத்து பறக்கிறது என்று அறிந்து, சோகையோ வைக்கோலோ கலக்க வேண்டும். சூடு தணிகிற பருவத்தில், புரட்டும்போது உள்ளே சாம்பல் பூத்தாற்போல் ஒரு வெண்படலம் தெரியும். பூசணம் என்று பயந்து கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்க் கூட்டந்தான் அது. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான பொருளைச் சுரப்பதும் அந்த இனமே. அந்த வாசனை வந்துவிட்ட எருவை நெல்லுக்கும் போடலாம், நாற்றங்காலுக்கும் போடலாம்.

எருவே போதும், ஒரு மூட்டையும் வேண்டாம் என்று சொல்வதற்கு நான் வரவில்லை. வீரிய நெல்லின் பசியை முதல் வருஷத்து எரு ஒன்றே தீர்த்துவிடாது. மண்ணில் மட்கு ஏற ஏற மூட்டைகளைப் படிப்படியாகக் குறைக்கலாம், ஒரேயடியாக நிறுத்தினால் மகசூல் விழும் என்று எச்சரிக்கவும் வேண்டும். யூரியாவின் உண்மையான விலையில் பெரும் பகுதியை அரசாங்கம் சுமப்பதால்தான் அந்த முந்நூறு ரூபாய்க் கணக்கு அவ்வளவு அழகாக நிற்கிறது என்பதைச் சொல்லி மேலே போகிறேன்.

எஞ்சியிருப்பது, மாடு ஏது, கூளம் ஏது, ஆள் ஏது என்ற ஆட்சேபம். மாடு குறைந்துவிட்டது உண்மை. ஆள் பஞ்சமும் உண்மை. கூளம் இல்லை என்பது மட்டும் உண்மையன்று. பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளின் புறத்தே மலையாகக் குவியும் தென்னை நார்க்கழிவை, சிப்பிக் காளான் வித்தும் சிறிது யூரியாவும் அடுக்குகளில் தூவி ஈரத்தோடு வைத்து மட்கச் செய்யும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் எப்போதோ வகுத்துக் கொடுத்திருக்கிறது. எருவுக்கும் யூரியாவுக்கும் ஜன்மப் பகை இல்லை என்பதற்கு அது ஒன்றே சாட்சி. கரும்பு வெட்டிய நிலத்தில் முழங்கால் உயரம் கிடக்கும் சோகையைப் பொடித்து அங்கேயே பரப்பி, சாணக் கரைசல் தெளித்து மட்கவிடலாம். அதற்கு மாட்டு மந்தை வேண்டாம். ஆனால் நடப்பதென்ன? வெட்டு முடிந்த மாலையே சோகைக்குத் தீ வைக்கிறார்கள். கரிமமும் தழைச்சத்தும் புகையாகப் போகின்றன. மறு வாரம் அதே நிலத்தின் கட்டைக்கரும்புக்கு யூரியா வாங்க அதே மனிதர்கள் கூட்டுறவுச் சங்க வாசலில் வரிசை பிடித்து நிற்கிறார்கள்.