கலங்கரை விளக்கம் இனி எதற்கு?

"செயற்கைக்கோள் வழி சொல்லும் காலத்தில் கலங்கரை விளக்கம் எதற்கு?" என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். நம்மில் பலருக்கு அது மெரீனாவின் தென்கோடியில் ஒரு பேருந்து நிறுத்தம். பறக்கும் ரயிலில் ஒரு நிலையத்தின் பெயர். அவ்வளவே! எனினும், அது தேவையற்றது என்பதை நான் ஏற்கவில்லை.

சென்னையின் விளக்கு நான்கு இடம் கண்டது. 1796இல் கோட்டைக்குள் ஒரு மாடியின் மேல் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. 1844இல் கல் தூணுக்கு மாறியது. அத்தூண் இன்றும் உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 1894இல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக்கே ஏறியது. (வழக்குரைக்கும் மன்றமே மாலுமிக்கு வழியும் உரைத்தது!) 1977இல்தான் மெரீனாவின் முக்கோணக் கோபுரத்துக்கு வந்தது.

'கரைதல்' என்றால் அழைத்தல். கலங்களை அழைக்கும் விளக்கம் என்பதே பெயரின் பொருள். ஆனால் அழைப்பது யார் என்று மாலுமிக்குத் தெரிய வேண்டுமன்றோ? அதற்காகவே ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஒளிக்குறி உண்டு. நம் விளக்கு 10 வினாடிக்கு இருமுறை வெண்ணிறமாய் மின்னும். விளக்கு அணைந்து எரிவதில்லை. சுழலும் கண்ணாடி வில்லைகள் ஒளியைக் கற்றைகளாக்கி வீசுகின்றன. மாலுமி எண்ணிப் பார்த்துத் தம் அட்டவணையோடு ஒப்பிட்டு, 'இது சென்னை' எனத் தெளிகிறார். பகலில் அவ்வேலையைச் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் செய்கின்றன.

செயற்கைக்கோள் பொய்க்காதா? 2017இல் கருங்கடலில் சென்ற கப்பல்கள் சில, தரையிலுள்ள விமான நிலையத்தில் நிற்பதாக அவற்றின் கருவிகள் காட்டின. யாரோ போலிச் சமிக்ஞை அனுப்பியதே காரணம் என்று கருதப்படுகிறது. பெருங்கப்பலுக்கே இக்கதி என்றால், நொச்சிக்குப்பத்திலிருந்து சிறு படகில் செல்லும் மீனவரின் கைக்கருவி நனைந்தால், மின்கலம் தீர்ந்தால் என்ன செய்வது? கலங்கரை விளக்கத்தைக் காணக் கண் ஒன்று போதும்.

என் கவலை வேறு. கடற்கரையோர விளம்பரப் பலகைகளும் மின்விளக்குகளும் கடலை நோக்கியே கூசுகின்றன. இத்தனை ஒளிக்கு நடுவே இரு மின்னல்களைத் தேடுவது எளிதா? 2013 முதல் நாம் கோபுரத்தின் மேலேறிக் காற்று வாங்குகிறோம். விளக்கேற்றும் முன்னரே இறங்கியும் விடுகிறோம். கரையோர விளக்குகளுக்கெல்லாம் கடல் பக்கம் மறைப்பு இட வேண்டுமென மாநகராட்சியை நம் மாணவர் மன்றம் கேட்கலாம். மனு எழுத நான் ஆயத்தம்; கையெழுத்திட வருவோர் யார்?